நல்ல முடிவு எது என்று கேட்கும் நண்பர்களுக்கு



வீடியோ கேம் ஒன்றை ஆடி முடித்த கையோடு அதன் முடிவுகளைத் தரவரிசையில் அடுக்கி, இது நல்ல முடிவு, அது மோசமான முடிவு, நல்லதை அடைய இன்ன இடத்தில் இன்னாரிடம் இன்ன பதிலைச் சொல்ல வேண்டும் என்று, இன்னும் ஆடத் தொடங்காதவர்களுக்கும் சேர்த்து உபதேசம் செய்து வருகிற உங்களுக்கே இந்த மடலை எழுதுகிறேன். உங்கள் ஆர்வத்தில் எனக்குச் சந்தேகமில்லை; ஒரு கதையை நேசிக்காத எவனும் அதன் கிளைகளையெல்லாம் தேடிச் சென்று பார்த்துவிட்டு வந்து, உறக்கத்தை விட்டு, பிறருக்கு விளக்கிக்கொண்டிருக்க மாட்டான். ஆனால் அந்த நேசமே, நீங்கள் கருதாத விதத்தில், அந்தக் கதையின் உயிர்நிலையில் கை வைத்துவிடுகிறது என்ற வருத்தம் நெடுநாளாக என் மனத்தில் இருந்து வருகிறது. அதை மூன்றாம் மனிதரிடம் சொல்லிப் பயனில்லை. உங்களிடம்தான் சொல்ல வேண்டும்.

பொதுப்படையாகப் பேசினால் என் மனக்குறை காற்றோடு போய்விடும். ஆகையால் போலந்து நாட்டின் சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் 2020 டிசம்பர் 10 அன்று வெளியிட்ட சைபர்பங்க் 2077 என்ற விளையாட்டையே முன்னிறுத்திப் பேசுகிறேன். நீங்கள் ஓயாமல் தரம் பிரித்து வருவதும் அதைத்தான், தரம் பிரிக்க இடம் கொடுக்காதபடி மிகுந்த கவனத்துடன் கட்டப்பட்டதும் அதுதான் என்பது என் அபிப்பிராயம். அதை இன்னும் ஆடி முடிக்காதவர் எவரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், இந்த இடத்திலேயே நிறுத்திக்கொண்டு, ஆடி முடித்த பின் திரும்பி வரும்படி வேண்டிக்கொள்கிறேன். முடிவுகளைப் பற்றிப் பேசாமல் என் வழக்கை நடத்த இயலாது.

அந்த விளையாட்டின் கர்த்தாக்கள் தம் முடிவுகள் எதற்கும் நல்லது என்றோ கெட்டது என்றோ பெயரிடவில்லை. சைத்தான், நட்சத்திரம், சூரியன், நிதானம் என்று டாரட் சீட்டுகளின் பெயர்களையே இட்டார்கள். 2023-இல் வந்த ஃபேண்டம் லிபர்ட்டி என்னும் விரிவாக்கத்தில் கோபுரம் என்ற ஐந்தாவது பெயரும் சேர்ந்தது. நகரத்துச் சுவர்களில் ஆங்காங்கே அந்தச் சீட்டுகள் சித்திரங்களாகத் தீட்டப்பட்டிருக்க, அவற்றைக் கண்டு வந்து சொல்லும் கதாநாயகருக்கு மிஸ்டி என்ற பெண் தன் சிறு கடையில் அமர்ந்து பொருள் சொல்லிக்கொண்டிருப்பதை நீங்கள் அனைவரும் கேட்டிருப்பீர்கள். கேட்ட பிறகும் முடிவுகளைப் பரீட்சைத் தாள்களைப் போலத் திருத்தி மதிப்பெண் இடுகிறீர்கள் என்பதே என் முதல் குறை.

டாரட் சீட்டுக்கட்டு, பதினைந்தாம் நூற்றாண்டில் வட இத்தாலியின் பிரபுக்களுடைய மாளிகைகளில், பொழுதுபோக்குக்காக ஆடப்பட்ட சீட்டு விளையாட்டாகவே பிறந்தது. அதில் எகிப்தியரின் புராதன ஞானம் ஒளிந்திருக்கிறது என்று கூர் த ஜெபெலன் என்ற பிரெஞ்சு அறிஞர் 1781-இல் தக்க ஆதாரம் எதுவுமின்றி எழுதி வைத்த காலத்தை ஒட்டித்தான் அது சோதிடக்காரரின் கருவியாகப் பெயர் பெற்றது. விளையாட்டாகப் பிறந்து, குறி சொல்லப் போய், இன்று மீண்டும் விளையாட்டுக்குள் திரும்பி வந்திருக்கிற இந்த 78 சீட்டுகளில், பெரிய சீட்டுகள் என்று சொல்லப்படும் 22 மட்டுமே நமக்கு இங்கே வேண்டியவை. டாரட் என்றவுடன் இன்று பெரும்பாலோர் மனக்கண்ணில் தோன்றும் உருவங்கள், ஆர்தர் எட்வர்ட் வெயிட் என்பவரின் திட்டப்படி பமீலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியப் பெண்மணி வரைந்து 1909-இல் லண்டனில் வெளியானவை. வெளியிட்டவர் பெயராலும் திட்டமிட்டவர் பெயராலும் அந்தக் கட்டு வழங்கிவர, வரைந்தவர் பெயர் நெடுங்காலம் அதில் சேராமலே இருந்தது. அந்த அநியாயத்தைச் சொல்லாமல் அவருடைய சித்திரங்களைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை.

அந்தச் சித்திரங்களில் ஒன்றைக் கையில் எடுத்து நிதானமாகப் பாருங்கள். பதினான்காம் எண்ணுள்ள நிதானம் என்ற சீட்டில், இறக்கை விரித்த ஒரு தேவதை, ஒரு பாதத்தைத் தரையிலும் மற்றொன்றை நீரிலும் ஊன்றி, ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்கு நீரை வார்த்துக்கொண்டு நிற்கிறது. இப்போது விளையாட்டுக்கு வாருங்கள். வி என்ற கூலிப்போராளியின் தலைக்குள் பதிந்துவிட்ட ஒரு சில்லு, பல்லாண்டுகளுக்கு முன் இறந்துபோன பாடகன் ஜானி சில்வர்ஹேண்டின் மனத்தை அந்த உடலில் சிறிது சிறிதாக எழுதி வர, வியின் மனம் அழிந்துகொண்டே வருகிறது. இறுதியில் வி விரும்பினால் தன் உடலை ஜானிக்கே விட்டுக்கொடுத்துவிட்டுப் போகலாம். அந்த முடிவுக்குத்தான் நிதானம் என்று பெயர். இரண்டு கிண்ணங்கள், ஒரே நீர். வாழ்நாளெல்லாம் எதையும் எவரையும் பொருட்படுத்தாமல் எரித்துவிட்டுப் போன ஒரு மனிதன், பிறர் கொடுத்த உடலில் விழித்தெழுந்து, பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஒரு கிதாரைக் கொடுத்துவிட்டு, பேருந்து ஏறி ஊரை விட்டுப் போகிறான். உங்கள் பட்டியல்களில் பல, கதாநாயகரே இல்லாமற்போகும் முடிவு என்ற ஒரே காரணத்தால் இதைக் கீழே தள்ளியிருக்கின்றன. வார்த்த நீர் எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்க்காமல், காலியான கிண்ணத்தை மட்டும் பார்த்து எழுதப்பட்ட தீர்ப்பு அது.

அடுத்த எண்ணான பதினைந்து, சைத்தான். மேடைமேல் அமர்ந்த கொம்புருவத்தின் காலடியில் ஓர் ஆணும் பெண்ணும் கழுத்தில் சங்கிலியோடு நிற்கிறார்கள்; ஆனால் உற்றுப் பார்த்தால், அந்தச் சங்கிலியின் வளையம் தலை வழியாகக் கழற்றிவிடக்கூடிய அளவுக்கு அகன்றிருப்பது தெரியும். அரசாக்கா என்ற பெருநிறுவனத்தை நம்பிப் போகும் முடிவில், விண்வெளி நிலையமொன்றில் நாள்கணக்கில் சோதனைகளுக்கு ஆளாகி, நினைவுகள் குழம்பி, கடைசியில் நோய் தீரவில்லை என்ற செய்தியைக் கேட்கும் வியின் முன்னே ஓர் ஒப்பந்தப் பத்திரம் வைக்கப்படுகிறது. கையொப்பமிட்டு, உடலற்ற நகலாக நிறுவனத்தின் பெட்டகத்தில் இருக்கலாம். மறுத்துவிட்டு, எஞ்சிய சில மாதங்களை வாழப் பூமிக்குத் திரும்பலாம். ஸ்மித் வரைந்த வளையத்தின் தளர்ச்சி அந்த ஒரு கேள்வியில் அப்படியே வந்து அமர்ந்திருக்கிறது. இந்த முடிவை மோசமான முடிவு என்று எழுதி, இதைத் தவிர்க்கும் வழியையும் கற்றுக்கொடுக்கிறீர்கள்; அதனால், வளையம் தளர்ந்தது என்பதைத் தானே தொட்டு அறியும் வாய்ப்பு உங்கள் வாசகருக்கு இல்லாமற்போகிறது.

நட்சத்திரம் என்ற பதினேழாம் சீட்டை நீங்கள் எல்லோரும் கொண்டாடுகிறீர்கள். அதிலும் ஒருத்தி நீர் வார்க்கிறாள். ஆனால் நிதானத்தின் தேவதையைப் போல ஒரு கலத்திலிருந்து மற்றொரு கலத்துக்கு அல்ல, இரண்டு குடங்களையும் கவிழ்த்து, ஒன்றைக் குளத்திலும் மற்றொன்றை மண்ணிலுமாக ஊற்றிவிடுகிறாள். தனக்கென்று ஒரு துளியும் வைத்துக்கொள்வதில்லை. பானம் என்ற பெண்ணோடும் அவளுடைய நாடோடிக் குலத்தோடும் வி நகரத்தை விட்டுப் பாலைவனத்தில் பயணப்படும் அந்த முடிவும் அப்படிப்பட்டதுதான். வியின் உயிருக்காக அந்தக் குலத்தார் சிலர் மாண்டுபோகிறார்கள். குலத்தலைவனான சால் அவர்களில் ஒருவன். வியின் ஆயுளும் நீளவில்லை. சைத்தானிலும் சூரியனிலும் சொல்லப்பட்ட ஏறக்குறைய ஆறு மாதம் என்ற அதே கணக்குதான் இங்கும். இதை மகிழ்ச்சியான முடிவு என்று சுருக்கிச் சொல்லும்போது, சாலின் மரணத்தை நீங்கள் கணக்கில் சேர்க்கவில்லை என்றே நான் எண்ண வேண்டியிருக்கிறது.

சூரியனைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. புகழின் உச்சியில் நிற்கும் வியையும், அந்த உச்சியின் தனிமையையும் நீங்கள் சரியாகவே எழுதியிருக்கிறீர்கள்.

ஆனால் நீங்கள் எவரும் போதிய அளவு பேசாத ஒரு சீட்டு இருக்கிறது. கட்டின் முதல் சீட்டான மூடன், பூஜ்யம் என்ற எண்ணோடு, தோளில் மூட்டையும் கையில் வெள்ளை ரோஜாவுமாக மலைவிளிம்பில் கால் வைக்கிறவன். விளையாட்டின் தொடக்கத்தில் வி கூலிப்போராளியானதும் கிடைக்கும் சாதனைப் பதக்கத்துக்கு அவன் பெயர்தான். கட்டின் கடைசிச் சீட்டு, இருபத்தொன்றாம் எண்ணுள்ள உலகம். மூடனின் பிரயாணம் நிறைவு பெறும் இடம், பரிபூரணத்தின் சின்னம். மூலக்கதையை முடித்தவுடன் கிடைக்கும் பதக்கத்துக்கு உலகம் என்று பெயர். நட்சத்திரத்தைத் தேர்ந்தவருக்கு மட்டுமே அது கிடைக்கும் என்பதில்லை. சைத்தானிடம் கையொப்பமிட்டவருக்கும் அது கிடைக்கிறது. எந்த வழியில் வந்து சேர்ந்தாலும் பிரயாணம் நிறைவுற்றதாகவே கர்த்தாக்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களே இடாத மதிப்பெண்ணை நீங்கள் இடுவது எந்த உரிமையால் என்று நான் கேட்டால், அந்தக் கேள்வியைத் தவறாக எண்ண மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

தேர்வு நிகழும் இடத்தை நினைத்துப் பாருங்கள். மிஸ்டி வியை அழைத்துச் சென்று, ஊர் தெரியும் ஒரு மாடியில் உட்காரவைத்து, யோசிக்கும்படி சொல்லிவிட்டுப் போகிறாள். பக்கத்தில் ஜானி. முன்னே சில வழிகள். அவற்றுள் அரசாக்காவின் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. பானமின் வழியும், ஜானியின் பழைய தோழி ரோக்கின் வழியும், அதுவரை அவர்களோடு நடந்து, அவர்களுடைய காரியங்களில் தோள் கொடுத்தவருக்கே திறக்கின்றன. ஆகவே அந்த மாடியில் சீட்டு புதிதாக விழுவதில்லை. நகரத்துத் தெருக்களில் எவர் அழைத்தபோது போனோம், எவர் அழைத்தபோது போகாமல் இருந்துவிட்டோம் என்பதெல்லாம் சேர்ந்து முன்பே கலைத்து அடுக்கிய சீட்டுகள்தாம் அங்கே விரிக்கப்படுகின்றன. விதியா முயற்சியா என்ற வழக்கு நமக்குப் புதிதன்று. ஊழுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினை உடைமைக்கு ஓர் அதிகாரமும் ஒரே நூலில் வைத்துவிட்டுப் போன வள்ளுவரைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். வியின் மரணம் ஊழ். அந்த மரணத்தை நோக்கி எவரோடு, எதை விலையாகக் கொடுத்து நடப்பது என்பது ஆள்வினை. இந்த இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கிற அந்த மாடியில், உங்கள் வழிகாட்டிக் குறிப்பைக் கைப்பேசியில் திறந்து வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பதை எண்ணும்போதுதான் என் வருத்தம் கோபமாக மாறுகிறது.

அந்தக் கோபத்துக்கு இன்னும் திட்டமான காரணம் ஒன்று உண்டு. எந்த வழியையும் சொல்ல மனம் துணியாமல், வி அந்த மாடியில் வாய் திறவாமல் நெடுநேரம் அமர்ந்திருந்தால், ஜானியோடு போதிய நட்பு ஏற்பட்டிருக்கும் பட்சத்தில், ஜானியே ஒரு யோசனை சொல்வான்: எவரையும் பலி கொடுக்க வேண்டாம், நீயும் நானும் மட்டும் போவோம் என்பதே அதன் தாத்பரியம். மௌனத்தையும் ஒரு பதிலாக ஏற்றுக்கொண்ட இந்த ஏற்பாட்டை, நான் கண்ட வீடியோ கேம்களிலெல்லாம் மிக நுட்பமான மனித அறிவுள்ள ஏற்பாடு என்று தயங்காமல் சொல்வேன். நண்பர்களைச் சாகக் கூப்பிட நா எழாதவருக்காக வைக்கப்பட்ட வாசல் அது. நீங்கள் அதற்கு ரகசிய முடிவு என்று பெயரிட்டு, ஏறக்குறைய ஐந்து நிமிடம் எந்தப் பொத்தானையும் தொடாமல் இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தீர்கள். அதன் பலனாக, தயக்கமே இல்லாத ஒருவர், தயங்குகிறவருக்குரிய இடத்தில், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வாசல் திறக்கத்தான் செய்கிறது. ஆனால் எதற்காக அது வைக்கப்பட்டதோ அந்த அனுபவம் அவருக்கு எந்நாளும் கிட்டாது.

நீங்கள் மறுத்துச் சொல்லக்கூடியதை நான் அறிவேன். எல்லா விளையாட்டுகளும் இப்படியல்ல, சிலவற்றில் கர்த்தாக்களே தவறான முடிவு என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள் என்பீர்கள். உண்மை. ஜப்பானின் அட்லஸ் நிறுவனம் 2006-இல் வெளியிட்ட பெர்சோனா 3, டாரட்டை இதைவிடக் கண்டிப்பான முறையில் கையாளுகிறது: மந்திரவாதி முதல் தொங்கும் மனிதன் வரையிலான பன்னிரண்டு சீட்டுகளின் பெயர் தாங்கிய நிழல்கள் ஒவ்வொன்றாக வீழ, பதின்மூன்றாவதான மரணம், நண்பனாகப் பழகிய ரியோஜி என்ற இளைஞனின் உருவில் வந்து நிற்கிறது. ஆண்டின் கடைசி நாளில், தன்னைக் கொன்றுவிடும்படி அவனே கெஞ்சுகிறான். கொன்றால் நினைவுகள் அழிந்து, வரப்போகும் அழிவை அறியாமல் எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கலாம். கொல்லாமல் விட்டால், தோல்வி நிச்சயமென்று தெரிந்தே போராட வேண்டும். முதலாவது தவறான முடிவு என்பதில் எனக்கும் உங்களுக்கும் பேதமில்லை. ஆனால் அந்தத் தவறு எவ்வளவு கருணையான முகத்தோடு வந்து நிற்கிறது என்பதையும், சரியான வழியின் கடைசியில் கதாநாயகன் தன் உயிரையே கொடுக்கிறான் என்பதையும் பாருங்கள். நண்பனின் கெஞ்சலுக்கும் தன் மனச்சாட்சிக்கும் நடுவே நின்று திணறாமல், சரியான விடை இன்னது என்று முன்கூட்டியே அறிந்துகொண்டு பொத்தானை அழுத்துகிறவர் எதைத் தேர்ந்தார்? விடை ஒன்றே ஆன விளையாட்டிலும் அந்தத் திணறல் ஆடுபவருக்குரிய சொத்து. அதை எடுத்துக்கொள்ள நமக்கு அதிகாரமில்லை.

இன்னொரு சமாதானமும் உங்களிடம் உண்டு. வேலைக்குப் போகிறவர்கள், வீட்டுப் பொறுப்புள்ளவர்கள், பல வாரங்களின் ஓய்வு நேரத்தையும் கணிசமான பணத்தையும் செலவிட்டு ஆடுகிற ஒன்றில் வருத்தமான முடிவில் போய் விழுந்துவிடக்கூடாதே என்ற அன்பினால்தான் சொல்கிறோம் என்பீர்கள். அந்த அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் அதே அன்பு கோபுரம் என்ற முடிவுக்கு என்ன செய்தது என்று பாருங்கள். வி பிழைக்கும்படி ஒரு முடிவு வேண்டும் என்ற குரல் எவ்வளவு பலமாக எழுந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். ஃபேண்டம் லிபர்ட்டியில் அது வந்தது. சிகிச்சை பலித்தது, சில்லு போயிற்று, ஜானியும் போனான். இரண்டு ஆண்டு நினைவிழந்து கிடந்து எழுந்த வியின் உடல் இனிப் போர்க்கருவிகளைத் தாங்காது. நண்பர்கள் தத்தம் வாழ்க்கையில் வெகு தூரம் போய்விட்டார்கள். தெருவில் சாதாரண ரௌடிகள் அடிக்கும்போது எதிர்க்க வலுவில்லை. பதினாறாம் சீட்டில் மின்னல் தாக்கிய கோபுரத்தின் உச்சியிலிருந்து கிரீடம் தெறித்து விழ, மனிதர் இருவர் தலைகீழாக விழுகிறார்கள். விக்கும் விழுந்தது கிரீடம், உயிர் நின்றது. கடைசியில் நகரத்தின் கூட்டத்தில் எவரும் கவனிக்காத ஒருவராகக் கலந்து நடக்கும் வியை, வாழக் கற்றுக்கொள்ளப்போகிற மனிதராகக் காண்பவர் உண்டு. உயிரோடு புதைக்கப்பட்டவராகக் காண்பவரும் உண்டு. எப்படிக் காண்கிறார் என்பது அவரவர் எதை இழந்து எதைத் தாங்கினார் என்பதைப் பொறுத்தது. மிக மோசமான முடிவு என்ற உங்கள் முத்திரையைப் படித்துவிட்டு வந்தவருக்கு முதல் பார்வை அடைபட்டுப் போகிறது.

சீட்டு நேராக விழுந்தால் ஒரு பொருள், தலைகீழாக விழுந்தால் வேறொரு பொருள், பக்கத்தில் விழும் சீட்டால் இரண்டும் மாறும் என்பது டாரட் வாசிப்பின் பாலபாடம். டாரட் எதிர்காலத்தைச் சொல்லும் என்று நான் நம்பவில்லை. கேட்க வந்தவரின் அந்தரங்கத்தைக் கிளறிவிட்டு, அவர் வாயாலேயே அவரைப் பேசவைக்கும் வல்லமை அந்தச் சித்திரங்களுக்கு உண்டு என்பதை மட்டும் நம்புகிறேன். தம் முடிவுகளுக்கு இவற்றின் பெயரை இட்ட கர்த்தாக்கள், ஆடுபவரையும் அவ்வாறே பேசவைக்க எண்ணினார்கள். அந்தப் பேச்சு தொடங்கும் முன்பே நீங்கள் பதில் சொல்லிவிடுகிறீர்கள்.

ஆகையால் உங்களிடம் நான் கேட்பது இதுதான். எழுதுவதை நிறுத்தச் சொல்லவில்லை. முடிவுகளை ஆராயுங்கள், சீட்டுகளின் பொருளைத் தோண்டி எடுங்கள், எந்தக் காட்சியில் எந்தச் சித்திரம் ஒளிந்திருக்கிறது என்று எங்களுக்குக் காட்டுங்கள். அவற்றை ஆவலோடு படிப்பவர்களில் நானும் ஒருவன். நல்ல முடிவு, மோசமான முடிவு என்ற இரண்டு முத்திரைகளையும் மட்டும், கர்த்தாக்களே இடாத விளையாட்டுகளின்மேல் இடாதீர்கள். புதிதாக ஆடத் தொடங்குகிறவர் எது சிறந்த முடிவு என்று உங்களை வந்து கேட்டால், வரிசை சொல்வதற்குப் பதிலாக, முதல் தடவை நீங்கள் எதைத் தேர்ந்தீர்கள், அந்தக் கணத்தில் உங்கள் மனத்தில் யார் இருந்தார் என்பதை, அவர் ஆடி முடித்து வந்த பிறகு சொல்லுங்கள். நீங்களும், முதல் தடவை வந்த முடிவு பிடிக்கவில்லையென்று உடனே பழைய சேமிப்பைத் திறந்து அதை அழித்துவிடாமல், சில நாள் அதோடு இருந்து பாருங்கள். மிஸ்டி காட்டும் மாடிக்கு இனி வருகிறவர்களை உங்கள் பட்டியல் கையில் இல்லாமல் வர விடுங்கள். இதை உங்களிடம் உரிமையோடு கேட்கிறேன்.

அன்புடன்,
உங்களோடு ஆடுகிற ஒருவன்